தெரிந்த செடி

குறை கண்டுபிடிக்கச் செக்கரம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். சட்டை தைக்கிற கம்பெனியில், ட்யூப்லைட் வரிசைக்குக் கீழே, சாய்வான மேஜை ஒன்றின் முன்னால் நின்றபடி, வருகிற சட்டையைக் காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை ஒரே ஓட்டமாகப் பார்ப்பாள். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் ஒன்று விழும். எண்ணெய்க் கறை இருந்தாலும் அதே ஸ்டிக்கர்தான், நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே ஸ்டிக்கர்தான். ஒரு குறையும் இல்லாத சட்டைக்கு ஒன்றும் கிடையாது. அது பேசாமல் வலது பக்கம் போய் அடுக்கில் சேர்ந்துவிடும்.

தைக்கிற பெண்களுக்கு அவளைக் கண்டால் பயம். அவள் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் நடந்தாலே பேச்சு நின்றுபோகும். சட்டையைச் செக் பண்ணுகிற செக்கர் என்பதால் செக்கரம்மா என்ற பெயர் அங்கே வைத்ததுதான். அவளுக்கு அதில் வருத்தமோ பெருமையோ இல்லை. காலில் மட்டும் வலி உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் படுப்பாள், அதற்குப் பிறகுதான் மனுஷி.

வீட்டில் இருப்பது அவளும் வீட்டுக்காரரும். மகள் கல்யாணமாகித் தூரமாகப் போய்விட்டாள். வீட்டுக்காரர் பார்சல் ஆபீஸில் கட்டுக்கட்டி முத்திரை வைக்கும் வேலையிலிருந்து மூன்று வருடம் முன்பு ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து சமையல் அவருடையது. எப்படி அப்படி ஆயிற்று என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, அவர் பாட்டுக்கு ஒரு நாள் அடுப்பை மூட்டினார், அவள் பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பு குறைந்தால் சொல்வாள். அரிசி குழைந்தால் சொல்வாள். நன்றாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவாள்.

சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போட ஒரு தெம்பு வேண்டும், அது இரண்டு பேரிடமும் இல்லை. அவர் பேசுகிறவரும் அல்ல, சாயங்காலமானால் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டு வருவார். பழைய செய்தித்தாளைக் கட்டினாலும் சரி, உடைந்த துடைப்பத்தைக் கட்டினாலும் சரி, பார்சல் ஆபீஸ் முடிச்சைத்தான் போடுவார். இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, பிறகு நைலான் கயிற்றின் நுனி பிரியாமல் இருக்கத் தீக்குச்சியால் ஒரு பொசுக்கு. வீடு முழுக்கக் கருகின வாடை அடிக்கும். அவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான் என்று கணக்கு முடிந்துபோகும்.

இந்த வீட்டிலிருந்து சனிக்கிழமை ஒரு நாளாவது வெளியே இருந்தால் தேவலை என்றுதான் அவள் தோட்டக் கிளப்பின் படிப்பில் சேர்ந்தாள். செடிமீது ஆசை என்று படிவத்தில் எழுதியது பொய். பால்கனியில் இரண்டே தொட்டிதான் இருந்தது. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் மொட்டைமாடி நிறையத் தோட்டம் வைத்திருக்கிறவர்கள். இவள்தான் தோட்டமே இல்லாத தோட்டக்காரி.

படிப்பு நான்கு கட்டம். முதலில் மண், அப்புறம் பதியமும் ஒட்டும், மூன்றாவது பூச்சியும் நோயும். நான்காவதுதான் கண்காட்சி நடுவர் படிப்பு. முதல் மூன்றையும் அவள் ஊதித் தள்ளினாள். இலையின் அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சி எந்த மடிப்பில் ஒளிந்திருக்கும் என்று சட்டையின் கைப்பட்டி ஓரத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். கூடப் படிக்கிற பேக்கரிக்காரர், இந்தம்மா கண்ணுக்கு பூச்சியே தானா வந்து சரணடைஞ்சிடும் என்பார். அவர்தான் கம்பெனிப் பெயரை எப்படியோ தெரிந்துகொண்டு இங்கேயும் செக்கரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தவர். வாய்தான் கொஞ்சம் நீளம், ஆள் நல்லவர். எந்தச் செடியைக் காட்டினாலும் ஆஹா என்பார், வாடின செடியைக் காட்டினாலும் ஆஹா என்பார்.

நான்காவது கட்டத்தில் வந்து செக்கரம்மா மாட்டிக்கொண்டாள்.

அதை நடத்துகிறவர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாள். ரூல்ஸ் மேடம் என்றால்தான் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். நடுவர் தாளில் நான்கு வரி இருக்கிறது. முதல் வரியில் செடியின் நல்ல அம்சம், இரண்டாவதில் குறை, மூன்றாவதில் யோசனை, நான்காவதில் மதிப்பெண். இந்த வரிசை மாறக்கூடாது. தாள் கடைசியில் செடியைக் கொண்டுவந்தவர் கையில் போகும், ஆகவே முதல் வரியை நிரப்பாமல் கீழே இறங்கக்கூடாது. அதுதான் விதி. செக்கரம்மா போன வருடப் பரீட்சையில் பத்துச் செடிக்கும் முதல் வரியில் "பரவாயில்லை" என்று எழுதினாள். ரூல்ஸ் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பரவாயில்லை என்பது கடையில் விலை குறைக்கச் சொல்கிற பேச்சு, பாராட்டு இல்லை என்று சொல்லி ஃபெயில் போட்டுவிட்டார்.

இந்த வருடம் பயிற்சி வகுப்புகளில் முயன்றுதான் பார்த்தாள். "காய்ந்த இலை இல்லை" என்று எழுதினாள். "பூச்சி இல்லை", "தொட்டியில் விரிசல் இல்லை" என்று எழுதினாள். மேடம் எல்லா இல்லைகளையும் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இல்லாததை நான் கேட்கவில்லை, இருக்கிறதை எழுதுங்கள் என்றார். செக்கரம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொருளில் குறை இல்லையென்றால் அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பால்கனியில் நின்று தங்கச்சியிடம் போனில் கொட்டித் தீர்த்தாள். கண்காட்சியில் மொத்தம் நாற்பது செடியாம், ஆளுக்குப் பத்து எழுதணுமாம், பத்துக்கும் விதிப்படி நல்லதா ஒண்ணு எழுதியே ஆகணுமாம், எங்கே போய்த் தேடறது என்றாள். தங்கச்சி சிரித்தாள். உள்ளே வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

தங்கச்சிக்கு இது சிரிப்பு. செக்கரம்மாவுக்கு அப்படி இல்லை. இன்னும் இரண்டு மாதத்தில் அவளுக்குக் கம்பெனியில் வயது முடிகிறது. நடுவர் அட்டை கைக்கு வந்துவிட்டால் மற்ற ஊர்க் கிளப்புகள் கூப்பிடும். சனி ஞாயிறு பேருந்து பிடித்துப் போகலாம், சேலையில் நடுவர் பட்டை குத்திக்கொண்டு நடக்கலாம், அவள் கண்ணுக்கு ஒரு மரியாதை இருக்கும். அட்டை வரவில்லையென்றால் வாரம் ஏழு நாளும் அந்த வீடு, அந்த டிவி, அந்தக் கருகின நைலான் வாடை. இரண்டு முறைதான் பரீட்சை எழுதலாம். இரண்டாவது முறையும் போனால் திரும்ப மண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னொரு இரண்டு வருடத்துக்கு அவளிடம் கால் இல்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் கம்பெனியில் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ராத்திரி ஒன்பது மணி வரை நிற்க வைத்துவிட்டார்கள். காலையில் எழுந்தபோது குதிகால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரர் அதற்குள் குளித்து எங்கேயோ போயிருந்தார். மேஜையில் அவள் சாப்பாடு மூடி வைத்திருந்தது. சாப்பிட்டாள். சொல்ல ஒன்றும் இல்லை.

கண்காட்சி நூலகத்தின் பெரிய ஹாலில். நாற்பது தொட்டிகளும் நீள மேஜைகளில் வெள்ளைத் துணிமேல் நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் எண் போட்ட அட்டை. கொண்டுவந்தவர் பெயர் அட்டையின் மடிப்புக்குள்ளே, சாயங்காலம்தான் பிரிப்பார்கள். ரூல்ஸ் மேடம் ஏழு மாணவர்களையும் நிற்கவைத்து விதிகளை இன்னொரு முறை வாசித்தார். பத்துத் தாளும் முழுதாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் வீட்டுச் செடி வந்தால் பேனாவைத் திறப்பதற்கு முன்பே கை தூக்க வேண்டும், வேறு செடி தரப்படும். எழுத ஆரம்பித்த பிறகு கை தூக்கினால் தாள் ரத்து, மாற்றுச் செடி கிடையாது. கஷ்டமான செடியைத் தட்டிக்கழிக்க ஒரு ஆள் போன தடவை இந்த வேலை செய்தார் என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

சீட்டுக் குலுக்கி ஆளுக்குப் பத்து எண் கொடுத்தார்கள். செக்கரம்மா தன் எண்களை வரிசைப்படுத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். முதல் செடி ஒரு பெகோனியா. குறைகள் மூன்று தானாகக் கண்ணில் வந்து விழுந்தன. அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு முதல் வரிக்காகக் கல்லில் நார் உரித்தாள். "இலையின் நிறம் ஒரே சீராக இருக்கிறது." இல்லை என்ற சொல் இல்லை, தப்பித்தோம் என்று அடுத்ததற்குப் போனாள். கள்ளி, பெரணி, ஒரு பூக்காத ஆந்தூரியம். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியத்தைப் பிடுங்கி எடுப்பதற்குள் பாதி ஆயுள் போயிற்று. எட்டாவது தாள் முடிந்தபோது பன்னிரண்டு மணி. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. எட்டு வரிகளும் உண்மைதான், ஆனால் எட்டும் அவள் கடனே என்று எழுதினவை. அது அவளுக்கே தெரிந்தது.

ஒன்பதாவது இருபத்தேழாம் எண். ஒரு ரப்பர் செடி.

நிற்க முடியாமல் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதனால்தானோ என்னவோ, இலைக்குப் பதிலாகத் தண்டுதான் முதலில் கண்ணுக்கு நேராக வந்தது. மண்ணுக்கு ஒரு சாண் மேலே தண்டில் ஒரு புடைப்பு, விரல் மூட்டு மாதிரி. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். எப்போதோ முறிந்த இடம். சாதாரண முறிவும் அல்ல, பாதிக்கு மேல் பிளந்து தோலில் தொங்கியிருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் கோடு பிசகாமல் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டின தடம் கூடத் தண்டை அழுத்தவில்லை, அதாவது தண்டு பருக்கப் பருக்கக் கட்டை அவிழ்த்து அவிழ்த்துத் தளர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஒரு முறை இரண்டு முறை அல்ல, மாதக் கணக்கில். அந்தப் புடைப்புக்கு மேலே பதினொரு இலைகள், ஒவ்வொன்றும் கையகலம்.

செக்கரம்மா கம்பெனியில் ஆயிரக்கணக்கான சட்டைகளைக் கழித்துப் போட்டிருக்கிறாள். பாதி கிழிந்ததை எடுத்து வைத்துக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள், நேரம் கட்டாது. இங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் அந்தப் புடைப்பைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள். பிறகு பேனாவை எடுத்தாள். முதல் வரியை அவள் தேடவே இல்லை.

"நடுத்தண்டு ஒரு காலத்தில் முறிந்திருக்கிறது. இதை எறிந்துவிடாமல் யாரோ சேர்த்துக் கட்டி, தினமும் வந்து பார்த்து, அவசரப்படாமல் ஆறவிட்டிருக்கிறார்கள். இந்த ஹாலில் இருப்பதிலேயே பொறுமையான கை இவருடையது."

இடம் போதாமல் கடைசி வாக்கியத்தை ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து, குறைக்காகத் தொட்டியை முழுச்சுற்றுத் திருப்பினாள். அப்படித் திருப்பிப் பார்ப்பதும் விதிதான்.

பின்பக்கம், செடி சாயாமல் இருக்க ஒரு குச்சி. குச்சியோடு தண்டைச் சேர்த்து ஒரு நைலான் கயிறு. இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று. இரண்டு நுனியும் ஒரே அளவு. இரண்டும் தீக்குச்சியால் பொசுக்கிக் கறுத்திருந்தன.

அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காற்று மழையில் பால்கனி ரப்பர் செடி கீழே விழுந்தது. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் ஒரு பார்வை பார்த்தாள். உடைஞ்சு போச்சு, குப்பைல போட்டுடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் பால்கனியில் செடி இல்லை. அவள் அதற்குப் பிறகு அதை நினைக்கவே இல்லை. அவர் கீழே போகவில்லை, மேலே போயிருக்கிறார். மொட்டைமாடிப் படி ஏற அவள் முழங்கால் விடாது, அதனால் அவளுக்குத் தெரிய வழியில்லை. சாயங்காலம் இவர் எங்கே போய்த் தொலைகிறார் என்று இரண்டு வருடமாக மனதுக்குள் வைதுகொண்டிருந்தது இதற்குத்தானா என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பேனா கையில் இருந்தது. எழுதியாகிவிட்டது. இப்போது கை தூக்கினால் தாள் போயிற்று, அட்டை போயிற்று, இரண்டு வருடச் சனிக்கிழமைகளும் போயிற்று. தூக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெயர் மடிப்புக்குள் இருக்கிறது. சாயங்காலம் பிரித்தாலும், எனக்கென்ன தெரியும், என்னிடம் சொல்லாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று சொல்லலாம், அதில் முக்கால்வாசி உண்மையும்கூட. எழுதும்போது அவளுக்குத் தெரியாதுதானே. பக்கத்து மேஜையில் பேக்கரிக்காரர் ஒரு துளசிக்கு ஆஹா சொல்லிக்கொண்டிருந்தார். ரூல்ஸ் மேடம் ஜன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

எழுதினதை இன்னொரு முறை படித்தாள். ஒவ்வொரு சொல்லும் சரி. அவள் வாழ்க்கையில் எதைப் பற்றியும் இப்படி எழுதியதில்லை. இதை மறைத்துத் தாளைக் கொடுத்தால், புருஷன் செடிக்குப் பெண்டாட்டி எழுதின நல்ல வார்த்தை என்றுதான் ஆகும். பிசிறு தெரியாமல் உள்ளே மடித்துத் தைத்த சட்டை மாதிரி. அப்படி ஒன்று இருபத்தாறு வருடத்தில் அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. இதுவும் போகக்கூடாது என்று தோன்றியது. அலுப்போடு, ஏறக்குறைய கோபத்தோடு, கையைத் தூக்கினாள்.

ரூல்ஸ் மேடம் வந்து தாளைப் பார்த்தார். முதல் வரியை நின்று நிதானமாகப் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது யார் வீட்டுச் செடி?"

"எங்க வீட்டுது. திருப்பினப்புறம்தான் தெரிஞ்சுது."

மேடம் முதல் வரியை இன்னொரு முறை படித்தார். இப்படி ஒரு முதல் வரிக்காகத்தான் தான் ஒரு வருடமாக இவளோடு மல்லுக்கட்டினதாக அப்புறம் மெதுவாகச் சொன்னார். விதியை மாற்ற மாட்டேன் என்பதையும் அதே குரலில் சொன்னார். சிவப்புப் பேனாவால் தாளின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, ரத்து என்று கையெழுத்துப் போட்டார். ரத்தான தாள் செடியோடு போகாது என்றார். அப்படியானால் நான் வைத்துக்கொள்ளலாமா என்று செக்கரம்மா கேட்டாள். அதற்கு விதி ஒன்றும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது, மேடம் கொடுத்துவிட்டார்.

பத்தாவது செடியை இனிப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் மேஜையில் பார்க்க வேண்டிய பீஸ், சட்டையானாலும் செடியானாலும், இருக்கும்போது பாதியில் போய் அவளுக்குப் பழக்கமில்லை. போய்ப் பார்த்து, நான்கு வரியும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஹாலின் கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பேக்கரிக்காரர் வந்து ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தின்ன ஒரு பன்னை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு மணிக்குச் செடிகளைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஒரு கயிற்றுப் பையோடு வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தலை வாரியிருந்தார். மேஜைக்குப் போய் இருபத்தேழாம் எண்ணைக் காட்டினார். செடியோடு ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவர் அதை அங்கேயே நின்று படித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், வேறு தாள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினார்கள். அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். மாட்டிக்கொண்டவர் மாதிரி அசட்டுத்தனமாக நின்றார்.

இரண்டு பேரும் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பேருந்தில் இடம் கிடைத்தது. தொட்டியை அவர் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். மூன்று நிறுத்தம் போன பிறகு, கையிலிருந்த தாளை அவளிடம் நீட்டினார். "ஆஹா, என்ன பச்சை" என்று முதல் வரியில் இருந்தது. பேக்கரிக்காரர் கைங்கரியம்.

"இது உன் கையெழுத்து இல்லையே" என்றார்.

"இல்ல."

"நாற்பது செடில பத்து. நாலுல ஒண்ணு. வந்தாலும் வரும்னு நெனச்சேன்."

எதுக்கு என்று கேட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு செடி கேட்டு வாங்கியிருப்பேனே, இப்போது அட்டையும் போயிற்றே என்று கேட்க நினைத்ததை எல்லாம் சேர்த்து அந்த ஒரு சொல்லாகத்தான் கேட்க முடிந்தது. அவ்வளவு அசதி.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "விதிப்படி நல்லதா ஒண்ணு எழுதியே ஆகணும்னு தங்கச்சிகிட்ட சொன்னியே. அதான். உன் கையால ஒண்ணு கெடைக்கும்னு."

கம்பெனியில் அவளைக் கண்டு நடுங்கின பெண்கள் யாரும் அவளை இப்படி அடித்ததில்லை. மூன்று வருடச் சாப்பாடு, மூடி வைத்த தட்டு, சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுந்துபோன ஒவ்வொரு வேளையும் வரிசையாக ஞாபகம் வந்தது. இந்த மனிதன் ஒரு நல்ல வார்த்தைக்காகச் சீட்டுக் குலுக்கலில் போய் நின்றிருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது. அழவும் தெம்பில்லாமல் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்ததற்காகத் தாளைச் சாய்த்துப் படித்தார். வெகுநேரம் படித்தார். பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"குறுக்கே கோடு போட்டிருக்கு" என்றார்.

"கோடு அவங்க போட்டது. எழுதினது நான். யாருதுன்னு தெரியறதுக்கு முன்னாடி எழுதினது."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டே."

அவள் யோசித்தாள். ஒரு பொய் சொல்லிவிடலாம், இன்றைக்கு யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். "மாட்டேன்" என்றாள். "பேசாம வலது பக்கம் வச்சிருப்பேன். கம்பெனில நல்ல பீஸுக்கு ஒண்ணும் ஒட்ட மாட்டோம். அப்படியே விட்டா பாஸ்னு அர்த்தம். நான் எல்லாத்தையும் அப்படித்தான் விட்டுட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"சாப்பாடு. மத்தது எல்லாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "முப்பத்தொரு வருஷமா எனக்கு அது தெரியாதே" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டவர் சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

அட்டை வராது. இரண்டு மாதத்தில் வேலையும் இருக்காது. ஏழு நாளும் வீடுதான், அது ஒன்றும் மாறவில்லை. அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தார். இரண்டாவது வரி காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தவர் போல மறுபடி பிரித்தார்.

"குறை எழுதலையே."

"அதுக்குள்ள முடிச்சைப் பாத்துட்டேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் பேனாவையும் தாளையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து செடியை மேலிருந்து கீழே வரை ஒரே ஓட்டமாகப் பார்த்தாள். கடைசி இலையின் ஓரத்தில் ஒரு பழுப்பு இருந்தது. குச்சி ஒரு விரற்கடை நீளம் அதிகம். இரண்டும் கண்ணில் பட்டன. இரண்டாவது வரியை விட்டுவிட்டு மூன்றாவது வரிக்குப் போய், "சாப்பாடு நன்றாக இருந்தது, காலையில்" என்று எழுதினாள். பேருந்து குலுங்கினதில் எழுத்து கோணிக்கொண்டது.

அவர் அதைப் படித்துவிட்டு நான்காக மடித்தார். சட்டைப்பையில் வைத்து, பை மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவர் தொட்டியைத் தூக்கிக்கொள்ள, இலை கதவில் இடிக்காமல் அவள் கையால் அணைத்துப் பிடித்தபடி பின்னால் மெதுவாக இறங்கினாள்.